தோட்டம் போனால் வீடு நிற்குமா? நாகர்கோவில் பழைய வீடு, பாகப்பிரிவினை: யோசனை வேண்டும்

மேலவிளை எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எனக்கே ஒரு கேள்வி வந்துவிட்டது, நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு நாகர்கோவில் ராமவர்மபுரத்தில் இருக்கிறது. பூமுகத்து (முன்வாசல் முகப்பு) உத்திரத்தில் கொல்லம் ஆண்டு 1109 என்று செதுக்கியிருக்கிறது, அதாவது 1933-34. பாட்டா கட்டியது. நடுமுற்றம் வைத்த ஓட்டு வீடு, மச்சு (மரக் கூரைத்தட்டு) முழுவதும் அயனி என்கிற காட்டுப்பலாப் பலகை, தெற்கே தனியாக நெல் வைக்கிற அறப்புரை, ரோட்டுப் பக்கம் படிப்புரை என்கிற வாயில் கட்டடம். மொத்தம் 54 சென்ட். சுற்றிலும் இருந்த அந்தக் காலத்து வீடுகளில் பாதி இப்போது அடுக்குமாடியாகிவிட்டது, எங்கள் தெருவில் மரம் நிற்கிற வளாகம் என்று சொன்னால் எங்களுடையதும் எதிரே இன்னொன்றும்தான்.

தோட்டம் பாட்டி வைத்தது. வீட்டுக்கு மேற்கே, ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில், வருக்கைச் சக்கை (சுளை கெட்டியான பலா) ஒன்று, கூழன் (சுளை கூழாக இருக்கிற பலா) ஒன்று, ஒரு செங்கவருக்கை மா, ஒரு அயனி, செண்பகம், சாம்பை, கிணற்றடியில் பேரைக்காய். வருக்கைச் சக்கையில் நல்லமிளகுக் கொடி உச்சி வரை ஏறியிருக்கிறது, வீட்டுக்கு வேண்டிய மிளகு இன்றைக்கும் அதில்தான் பறிக்கிறோம். கிழக்கே பின்பக்கம் தென்னையும் மட்டி வாழையும் பழைய தொழுவமும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மைலாஞ்சி (மருதாணி) பறிக்க இன்னும் வருகிறார்கள்.

அப்பா முதலில் போய்விட்டார்கள், அம்மா போன தை மாதம். நாங்கள் நான்கு பேர். அண்ணன் சென்னையில், அக்கா திருவனந்தபுரத்தில், தம்பி மஸ்கட்டில். அம்மாவைப் பார்த்துக்கொண்டு நான்தான் இங்கே இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். ஆளுக்கு 13½ சென்ட் வருகிறது. அண்ணன் சொல்கிற யோசனை இது: "வீட்டை நீயே வைத்துக்கொள், வீடு நிற்கிற 13½ சென்ட் உனக்கு, ரோட்டுக்கு ஒரு 12 அடிப் பாதை விட்டுவிடுகிறோம், மற்றது 40½ சென்டையும் நாங்கள் மூன்று பேரும் கட்டுமானக்காரருக்குக் கொடுத்துவிடுகிறோம்." கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. வீடு எனக்கே வருகிறது, யாரும் இடிக்கச் சொல்லவில்லை. அண்ணன் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தோட்டம் இல்லாமல் இந்த வீடு அதே வீடாக இருக்குமா? மனசு சொல்வதை விடுங்கள், கட்டடமாகவே அது தாங்குமா? கோடு போட்டால் சில இடத்தில் இறவாரத்துக்கும் எல்லைக்கும் நாலடிதான் மிச்சம். பழைய வீட்டு வேலை தெரிந்தவர்கள், இப்படிப் பிரித்துப் பார்த்தவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள். சித்திரைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தச்சுக்கோல் எழுதியது:

அக்கா, நான் தக்கலைப் பக்கம். அப்பாவும் பாட்டாவும் மர ஆசாரிமார், நான் டிப்ளமோ முடித்துவிட்டு 20 வருடமாகப் பழைய வீடுகள் பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில்: மேற்குப் பக்கம் போனால் வீடு ரொம்ப நாள் தாங்காது. கிழக்குப் பக்கம் போனால் தாங்கும். ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஊருக்கு மழை இரண்டு தடவை. ஐப்பசி கார்த்திகை மழையை விடுங்கள், அது மேலே இருந்து விழுகிற மழை, ஓடு நன்றாக இருந்தால் போதும். வீட்டைத் தின்கிறது வைகாசி கடைசியில் தொடங்குகிற மழையும் அதோடு வருகிற ஆடிக்காற்றும். அந்தக் காற்று மேற்கே இருந்து வந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் வெளியே போகிறது, முப்பந்தலில் காற்றாலை நிற்பதே அதற்காகத்தானே. நாகர்கோவில் அதன் வழியிலேயே இருக்கிறது. ஓட்டு வீட்டுக்கு இந்தக் காற்று இரண்டு கெடுதல் செய்யும். சாரலை ஓட்டுக்கு அடியில் ஏற்றிவிடும், அப்புறம் மேற்குச் சரிவின் ஓட்டை நுனியில் தூக்கி நகர்த்தும். ஓடு அரை அங்குலம் நகர்ந்தால் போதும், தண்ணீர் ஓட்டைத் தாங்குகிற பட்டியல் சட்டத்தில் இறங்கி, கழுக்கோல் (கூரையின் சாய்வு மரம்) நுனிக்கு வந்து, சுவர் மேல் கிடக்கிற உத்திரத்தில் தேங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு வருடம் கழித்துக் கத்தி முனையால் குத்திப் பார்த்தால் உள்ளே மாவாக இருக்கும்.

உங்கள் பாட்டி சக்கையையும் அயனியையும் மேற்கே வைத்தது சும்மா இல்லை. அந்த மூன்று நான்கு பெரிய மரம்தான் காற்றின் வேகத்தை உடைத்து வீட்டுக்குக் கொடுக்கிறது. சாயங்கால வெயிலும் அதே பக்கம்தான். அதனால்தான் உங்கள் மேற்குச் சுவர் 90 வருடம் கழித்தும் நிற்கிறது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் பாருங்கள், சரிந்து தாழ்ந்த கூரை, அளியடித்த சன்னல், சுற்றி முற்றமும் மரமும் என்று அந்தக் கட்டுமுறையே வெளியில் இருந்து நிழலையும் காற்றையும் எதிர்பார்த்துக் கட்டுவது. நம் பக்கத்துப் பழைய வீடு எல்லாமே அந்த முறைதான். வீட்டை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது விஷயம், இதை யாரும் யோசிப்பதில்லை. உங்கள் நடுமுற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது? கட்டாயம் ஒரு கல் ஓடை தரைக்கு அடியில் தோட்டத்துக்குப் போகும். அந்தத் தோட்டத்தை வாங்குகிறவர் முதல் வேலையாக மண் அடித்து ரோட்டு மட்டத்துக்கு மேலே உயர்த்துவார். அப்போது உங்கள் வீடு குழியில் இருக்கும், முற்றத்துத் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி வரும். அடுக்குமாடி என்றால், உயரமான கட்டடம் என்ற கணக்கில் வராமலேயே 18.30 மீட்டர் வரை எழுப்பலாம் என்று 2019 கட்டட விதிகள் சொல்கின்றன. உங்கள் கூரை உச்சி அதில் பாதிகூட வராது. ஐந்தாறு மாடிக்குக் கீழே ஓட்டு வீடு, மேலே இருந்து ஒரு பூச்சட்டி விழுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இப்போதே செய்யாமல் இருக்க வேண்டிய வேலைகள். பாகம் பேசி முடிவதற்குள் யாராவது வந்து சுவரில் சிமென்ட் பூசலாம், ஓட்டுக்கு அடியில் தார்ப்பாய் விரிக்கலாம் என்பார்கள். இரண்டும் வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும், சிமென்ட் போட்டால் ஈரம் உள்ளேயே நின்று உப்பு பூத்துச் செங்கல் உதிரும். தார்ப்பாய்க்கு அடியில் மரத்துக்குக் காற்று கிடைக்காது. மேற்குச் சரிவில் மட்டும் ஓட்டைப் பிரித்துப் பார்த்து, கழுக்கோல் நுனிகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடித்து, உடைந்ததை மாற்றி அடுக்கிவிடுங்கள், இந்த வருடத்துக்கு அது போதும்.

பிச்சிப்பூ எழுதியது:

தச்சுக்கோல் தம்பி எழுதியதை வாசித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஏனென்றால் உங்கள் அண்ணன் சொல்கிற அதே யோசனையை நாங்கள் 2011-இல் செய்தோம். எங்களுடையதும் நாகர்கோவில்தான், வீடு உங்களுடையதைவிடச் சின்னது, 30 சென்ட். வீட்டை வைத்துக்கொண்டு தோட்டத்தைக் கொடுத்தோம். கையில் பணம் வந்தது, இரண்டு பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

முதல் கோடையிலேயே வித்தியாசம் தெரிந்தது. பங்குனியில் மத்தியானம் மச்சுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தால் போர்வை தேடுகிற வீடு அது, அந்த வருடம் ஃபேனுக்குக் கீழே உட்கார முடியவில்லை. தோட்டம் இருந்த இடம் முழுவதும் சிமென்ட் தளம், வெயில் அதில் பட்டு எங்கள் வராந்தாவில் அடிக்கும். ஆடியில் ஓடு பறந்தது. எங்கள் கிணறு அதுவரை வற்றியதே இல்லை, அவர்கள் இரண்டு ஆழ்குழாய் போட்டதும் சித்திரையில் அடிமண் தெரிந்தது. பாதை என்று 10 அடி விட்டார்கள், பத்திரத்தில் இருக்கிறது, ஆனால் அதில் எப்போதும் யாராவது ஒருவருடைய கார் நிற்கும், யாரிடம் சொல்வது. என் மாமியாரை ஒருநாள் ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் ரோடு வரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

எட்டு வருடம் பார்த்தோம். 2019-இல் வீட்டையும் கொடுத்தோம். வாங்கியவருக்கு வீடு வேண்டாம், நிலம்தான் வேண்டும். மரம் வாங்குகிற ஒருவர் நான்கு ஆட்களோடு வந்து, மச்சுப் பலகை, தூண், நிலை, கதவு எல்லாவற்றிலும் சாக்பீசால் நம்பர் போட்டு, ஆணி ஒன்றுகூட இல்லாத பொருத்து என்று வியந்து வியந்து கழற்றி லாரியில் ஏற்றினார். ஏதோ விடுதியில் திரும்பக் கட்டப்போகிறார்கள் என்றார். எங்கே என்று கேட்டேன், சொல்லவில்லை. நெல் பத்தாயத்தைத் தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது.

அதனால் மேலவிளை சகோதரிக்கு நான் சொல்வது, வீடு மட்டும் போதும் என்று கையெழுத்துப் போடாதீர்கள். கொடுப்பதாக இருந்தால் மொத்தமாகக் கொடுத்துவிட்டு உங்கள் பங்கோடு வேறு இடத்தில் நிம்மதியாக இருங்கள், வைப்பதாக இருந்தால் தோட்டத்தோடு வையுங்கள். நடுவில் நின்றால் எங்களைப் போல எட்டு வருடம் வீடு சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடல்தாண்டி எழுதியது:

மற்றவர்கள் எல்லாம் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள், நான் உங்கள் தம்பி இருக்கிற இடத்தில் இருந்து எழுதுகிறேன். துபாயில் 17 வருடம். எனக்கும் திங்கள்சந்தைப் பக்கம் குடும்ப வீட்டில் பங்கு இருக்கிறது, அதில் என் தங்கை இருக்கிறாள்.

வெளியே இருப்பவனுக்கு அந்த வீட்டின் மேல் ஆசை இல்லை என்று நினைக்காதீர்கள். நானும் அந்த மாமரத்தில் ஏறி விழுந்து கை ஒடித்தவன்தான். ஆனால் 45 வயதில் இங்கே வேலை இன்றைக்கு இருக்கும் நாளைக்கு இருக்காது, ஊரில் எனக்கென்று இருப்பது அந்தப் பங்கு மட்டும்தான். அது மரமாக நின்றால் பிள்ளை படிப்புக்கு உதவாது. வீட்டில் இருப்பவர் ஓடு மாற்றினார், வரி கட்டினார், அம்மாவைப் பார்த்தார் என்பதெல்லாம் உண்மை, அதை ஒரு கணக்காக எழுதி அவருக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிடலாம். அதற்காக மற்ற மூன்று பேரும் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது.

அதனால் அக்கா, "விற்கக் கூடாது" என்று தொடங்காதீர்கள், தம்பி காதை மூடிக்கொள்வான். "உனக்கு எவ்வளவு, எப்போது வேண்டும்" என்று கேளுங்கள். என் தங்கை என்னிடம் அப்படித்தான் கேட்டாள். மூன்று வருடத்தில் ஐந்து தவணையாகக் கொடுக்கிறேன் என்று எழுதித் தந்தாள், நான் சந்தையில் வருகிற விலையைவிடக் குறைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். குறைத்தது எனக்கு நஷ்டமாகத் தெரியவில்லை, ஊருக்குப் போனால் இறங்க ஒரு வாசல் இருக்கிறது.

பத்திர எழுத்து எழுதியது:

35 வருடம் ஆவண எழுத்தர் வேலை. பத்திரப் பக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன், முடிவு செய்யும் முன் ஒரு சிவில் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் மூலப் பத்திரம். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நம் பகுதி திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும்தான் இருந்தது. அந்தக் காலப் பிரமாணம் (பத்திரம்) பலதும் மலையாளத்தில் இருக்கும், சர்வே எண்ணும் பழையது. அதை வாசிக்கத் தெரிந்தவரை வைத்துத் தமிழில் எழுதி வாங்குங்கள், இப்போதைய மறு சர்வே எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பரப்பு 54 சென்ட் என்பது பத்திரத்திலா, பட்டாவிலா, அளந்து பார்த்ததிலா? மூன்றும் மூன்று மாதிரி இருப்பது நம் மாவட்டத்தில் சாதாரணம். அளந்த பிறகுதான் கோடு போட வேண்டும்.

பயப்பட வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு விஷயம். பிரியாத குடும்ப வீட்டில் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றால் அந்த வெளியாள் வந்து உங்களோடு சேர்ந்து குடியிருக்க உரிமை கேட்க முடியாது, சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவு. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கிற விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று குடும்பத்தார் கேட்கலாம், 1893 பாகப்பிரிவினைச் சட்டம் 4-ஆம் பிரிவு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வருகிற குடும்பம் என்றால் 22-ஆம் பிரிவும் இருக்கிறது, ஒரு வாரிசு தன் பங்கைக் கொடுக்க நினைத்தால் மற்ற முதல்நிலை வாரிசுகளுக்கு முன்னுரிமை. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 22 பொருந்தாது, மற்றது இரண்டும் பொருந்தும். இதையெல்லாம் அண்ணன் முகத்தில் வீசுவதற்குச் சொல்லவில்லை, நீங்கள் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சமாதானமாகப் பிரித்தால் செலவு குறைவு. குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை, பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் இவற்றுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலைக்குப் பிறகு பாகப்பிரிவினையில் ஒரு பாகத்துக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. பாகங்களின் மதிப்பு சமமாக வராவிட்டால் கூடுதல் கிடைத்தவர் குறைந்தவருக்குப் பணம் கொடுத்துச் சரிக்கட்டலாம், அதையும் பத்திரத்திலேயே எழுதலாம். தச்சுக்கோல் சொன்ன முற்றத்து ஓடை, கிணறு, பாதை மூன்றையும் வாய்ப்பேச்சில் விடவே கூடாது, எந்த வழியாக, எத்தனை அடி அகலம், யார் தூர் வாருவது என்று வரைபடத்தோடு எழுத வேண்டும். பிச்சிப்பூ அம்மாவுக்கு நடந்தது மாதிரி கார் நின்றால் "பாதையில் எதையும் நிறுத்தக் கூடாது" என்ற ஒரு வரி இருந்தால்தான் பேசவே முடியும்.

தம்பி மஸ்கட்டில் இருந்தே பவர் (அதிகாரப் பத்திரம்) அனுப்பினால் அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து இட வேண்டும், இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். விற்கிறவர்கள் 1.4.2001 அன்றைய மதிப்புக்கு மதிப்பீட்டாளர் அறிக்கை வாங்கி வைக்கட்டும், மூலதன ஆதாய வரிக் கணக்குக்கு அதுதான் அடிப்படை. 2024 ஜூலை 23-க்குப் பிறகு 12.5 சதவீதம், இங்கே வசிப்பவர்களுக்குப் பழைய 20 சதவீதக் கணக்கும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம், வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. தம்பியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கையில் வருகிற தொகை அவர் நினைப்பதைவிடக் குறையும்.

சக்கைக்குரு எழுதியது:

நான் மரத்துக்காக மட்டும் வருகிறேன்.

2017 நவம்பர் 30 ஞாபகம் இருக்கிறதா எல்லோருக்கும்? ஒக்கி புயல். அன்றைக்கு எங்கள் ஊரில் விழுந்த மரங்களைப் பிறகு நானும் என் மகனும் நடந்து நடந்து பார்த்தோம். கூட்டமாக நின்ற தோப்பில் உள்ளே இருந்த மரங்கள் பெரும்பாலும் நின்றன. பக்கத்தில் புதிதாக வெட்டி வெளியாக்கிய இடத்து ஓரத்தில் தனியாக மாட்டிக்கொண்ட மரங்கள்தான் வேரோடு சாய்ந்தன. ஐம்பது அறுபது வருடம் பக்கத்து மரத்தின் மறைவில் வளர்ந்த மரத்துக்குத் தனியாக நின்று காற்றைத் தாங்கப் பழக்கம் இருக்காது. அதனால் "இரண்டு மரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டுகிறோம்" என்று யாராவது சமாதானம் சொன்னால், விட்ட அந்த இரண்டுதான் உங்கள் ஓட்டின் மேல் விழும்.

எல்லைச் சுவர் கட்டினாலும் கவனம். நீளமாக அஸ்திவாரக் குழி தோண்டினால் சக்கையின் பக்கவேர் எல்லாம் ஒரே நாளில் போய்விடும், மரம் இரண்டு மழைக்காலம் பச்சையாகவே நிற்கும், மூன்றாவதில் காயும். தூண் குழி மட்டும் எடுத்து, வேர் வருகிற இடத்தில் தூணைத் தள்ளிப் போட்டு, கம்பி வேலி போதும். மரத்தடியில் மண் உயர்த்தாதீர்கள், இன்டர்லாக் கல் பதிக்காதீர்கள், கிளை எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறதோ அவ்வளவு தூரமும் லாரி ஏறக் கூடாது. சக்கைக்குத் தண்ணீர் தேங்கவே கூடாது.

பாகம் எப்படி முடிந்தாலும் இந்த வருடமே ஒட்டுக் கன்று எடுத்துவிடுங்கள். குரு (கொட்டை) போட்டு முளைக்க வைத்தால் தாய்மரத்து ருசி வரும் என்று நிச்சயம் இல்லை, வருக்கை போட்டால் கூழன்கூட வரலாம். செங்கவருக்கைக்கும் அப்படியே. மூன்று நான்கு மாதம் முதிர்ந்த கொப்பாகப் பார்த்து, ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே இலையைக் கிள்ளிவிட்டு, மொட்டு பருத்து வரும்போது வெட்டி மென்தண்டு ஒட்டு கட்ட வேண்டும். காற்றில் ஈரம் இருக்கிற ஆனி ஆடி மாதம் அதற்கு நல்லது. பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டால் ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்களைக் காட்டுவார்கள். அண்ணன், அக்கா, தம்பி ஆளுக்கு ஒரு கன்று என்று நான்கு எடுங்கள்.

மேலவிளை எழுதியது:

எல்லோருக்கும் கும்பிட்டுச் சொல்கிறேன், இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. தச்சுக்கோல் தம்பி சொன்னபடி நேற்று ஏணி வைத்து மேற்குச் சரிவில் ஆளை ஏற்றினேன். பதினொரு கழுக்கோல் நுனி மெத்தென்று இருக்கிறது. முற்றத்து ஓடை நீங்கள் சொன்ன மாதிரியே கிணற்றுக்குத் தெற்காக மேற்குத் தோட்டத்துக்குத்தான் போகிறது, எனக்கு இத்தனை வருடம் தெரியாது, அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

நேற்று ராத்திரி கடல்தாண்டி அண்ணன் சொன்ன மாதிரியே தம்பியிடம் "உனக்கு எவ்வளவு, எப்போது" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் பிள்ளை காலேஜுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதற்குள் என்றால் போதும் என்றான். அவனிடம் இதுவரை இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

அக்காவிடம் பேசும்போது ஒரு வழி தோன்றியது, சரியா என்று நீங்கள் சொல்லுங்கள். மேற்குத் தோட்டம் ஏறக்குறைய 13½ சென்ட் வரும். அதை அக்கா தன் பங்காக எடுத்துக்கொண்டு விற்காமல் அப்படியே வைப்பது. வீடு என் பங்கு. கிழக்கே தென்னையும் தொழுவமும் நிற்கிற 27 சென்ட் அண்ணனுக்கும் தம்பிக்கும். பின்பக்கம் ஒரு முடுக்கு (சந்து) இருக்கிறது, அகலம் குறைவு, அடுக்குமாடிக்காரர் அதைக் கேட்டு வரமாட்டார், இரண்டு மூன்று தனி வீட்டுக்கு வாங்குவார்கள். விலை குறையும். குறைகிற பணத்தை நானும் அக்காவும் பாதிப் பாதி சரிக்கட்டுவது. அக்காவுக்கு ஓய்வூதியப் பணம் இருக்கிறது, எனக்கு நகையும் கொஞ்சம் சேமிப்பும்.

தச்சுக்கோல் எழுதியது:

அக்கா, நான் முதல் பதிலில் சொல்ல வந்ததே இதுதான், உங்கள் அக்கா தயாராக இருப்பார்கள் என்று தெரியாததால் சொல்லவில்லை. கோட்டை வீட்டுக்குக் கிழக்கே போடுங்கள். தென்னை போனால் வீட்டுக்குக் காலை வெயில்தான் கூடும், அது நல்லதுதான், பாசி குறையும். கோடு வீட்டுச் சுவரில் இருந்து குறைந்தது பத்தடி தள்ளி வர வேண்டும், அதற்கு உங்கள் 13½-இல் இடம் இருக்கிறது.

பதினொரு நுனி என்பது பயப்படுகிற அளவு இல்லை. கெட்ட நுனியை மட்டும் அறுத்து, பழைய அயனித் துண்டு வைத்துப் பொருத்தலாம், முழுக் கழுக்கோலை மாற்ற வேண்டாம். மழைக்கு முன்னால், சித்திரை கடைசிக்குள் முடித்துவிட வேண்டும். வேண்டுமென்றால் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

பத்திர எழுத்து எழுதியது:

வழி சரிதான். ஒன்று மட்டும் கவனியுங்கள். மேற்குத் தோட்டம் அக்கா பெயரில் தனிப் பாகமாகப் போனால் நாளைக்கு அக்காவின் பிள்ளைகள் விற்கலாம், ரோட்டு முகப்பு வேறு. இப்போது எல்லோரும் மனது ஒத்திருக்கும்போதே, அந்தப் பாகத்தைக் கொடுப்பதாக இருந்தால் முதலில் உங்களிடமோ உங்கள் வாரிசிடமோ கேட்க வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதுங்கள். இல்லையென்றால் நீங்கள் இரண்டு பேரும் வீடும் மேற்குத் தோட்டமும் சேர்ந்த 27 சென்டைக் கூட்டாகவே வைத்துக்கொள்ளலாம், வீட்டிலும் தோட்டத்திலும் ஆளுக்குப் பாதி. எனக்கு இரண்டாவதுதான் நல்லதாகப் படுகிறது, வக்கீலிடமும் கேளுங்கள்.

பிச்சிப்பூ எழுதியது:

அக்காவும் தங்கையும் கூட்டாக வைப்பது என்று வாசித்ததும் சந்தோஷமாக இருக்கிறது. எனக்கு அப்படி ஒரு அக்கா இல்லாமல் போய்விட்டது. ஒரு சின்ன வேண்டுதல். வீட்டை அளக்க ஆள் வரும்போது நிலம் மட்டும் அளக்காமல் வீட்டுக்குள்ளேயும் அளந்து ஒரு வரைபடம் போட்டு வையுங்கள், ஒவ்வொரு அறைக்கும் வீட்டில் என்ன பெயர் சொல்வீர்களோ அதையும் எழுதி. எங்கள் வீட்டில் ஒரு படம்கூட முழுசாக இல்லை, கல்யாண போட்டோக்களில் பின்னால் தெரிகிற தூண்தான் மிச்சம்.

மேலவிளை எழுதியது:

கூட்டாக வைப்பது என்பதை அக்காவிடம் சொன்னேன், அழுதுவிட்டாள், சரி என்றாள். அண்ணன் இன்னும் சரி சொல்லவில்லை, கிழக்குப் பக்கத்துக்கு என்ன விலை வரும் என்று இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். விசாரிக்கட்டும், அதுவும் நியாயம்தான்.

வருகிற சனிக்கிழமை அக்கா வருகிறாள். சர்வேயர் காலையில் வருகிறார், பிச்சிப்பூ அக்கா சொன்னபடி உள்ளே அளக்கவும் ஒரு பையனைச் சொல்லியிருக்கிறேன். மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் மரம் ஒவ்வொன்றாக எண்ணி எழுதப்போகிறோம், எது பாட்டி வைத்தது, எது அம்மா வைத்தது என்று அக்காவுக்குத்தான் தெரியும். செங்கவருக்கையில் ஒட்டு எடுக்க இரண்டு கொப்பு பார்த்து வைத்திருக்கிறேன், சக்கைக்குரு அண்ணா, ஆனி பிறந்ததும் இலை கிள்ளினால் போதுமா, இல்லை வைகாசிக் கடைசியிலேயே கிள்ள வேண்டுமா?

தச்சுக்கோல் தம்பி, ஞாயிறு வாருங்கள். படிப்புரை வழியாக வந்தால் வருக்கைச் சக்கைக்குக் கீழே கட்டில் போட்டிருக்கும், நாங்கள் அங்கேதான் இருப்போம்.

சக்கைக்குரு எழுதியது:

மழை பிடித்த பிறகு கிள்ளுங்கள், மாதத்தைப் பார்க்க வேண்டாம். கிள்ளி எட்டாம் நாள் மொட்டைப் பாருங்கள், பருத்திருந்தால் அன்றைக்கே வெட்டலாம். காலையிலேயே வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, அன்றைக்கே கட்டிவிட வேண்டும்.